வினாத்தாள் அமைக்கும் தமிழாசிரியர்களுக்கு ஒரு மடல்

வணக்கம். பாரதியின் ‘செந்தமிழ் நாடெனும் போதினிலே’ பாட்டைக் கொடுத்து, எதுகை (இரண்டாம் எழுத்து ஒன்றுவது), மோனை (முதல் எழுத்து ஒன்றுவது), இயைபு (வரிக் கடைசி ஒன்றுவது) மூன்றையும் எடுத்தெழுதச் சொல்கிறீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் என் மகளுக்கு வந்த விடைக்குறிப்பில் போதினிலே–காதினிலே, பேச்சினிலே–மூச்சினிலே என்று இயைபு மட்டும் இருந்தது, மோனைக்கு ‘இல்லை’ என்று போட்டிருந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

செந்தமிழ், தேன்வந்து, தந்தையர், சக்தி என்று வரிகளின் முதல் சொற்களை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். மோனையில் சகரமும் தகரமும் ஓரினம், எகரமும் ஏகாரமும் ஓரினம்; ஓரின எழுத்துகள் ஒன்றுக்கொன்று மோனையாக வரும், அதுதான் இனமோனை. அப்படியானால் செ–தே மோனை, த–ச மோனை. அதே எழுத்து திரும்ப வந்தால்தான் மோனை என்று நாமே சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு பாட்டில் மோனை இல்லை என்றால் பாரதி என்ன செய்வார்?

அப்புறம் எதுகை. அது முதல் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் இடையில்தான் விழுகிறது: செந்தமிழ்–தந்தையர். அடுத்த கண்ணியிலும் (அடுத்த நாலு வரியிலும்) அப்படியே, வேதம்–காதல் எதுகை, வேதம்–வீரம் மோனை, காதல்–கன்னியர் மோனை. இதைப் பார்த்தபிறகு நாலு வரி என்று நாம் அச்சடிப்பது உண்மையில் இரண்டு நீள அடிகள்தான், ஒவ்வொன்றையும் நடுவில் மடித்து எழுதியிருக்கிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அடிகளின் தலையில் எதுகை, அடிக்குள் பாதிக்குப் பாதி மோனை.

கோடு போட்டுப் பிரித்த ‘இன்பத்’, ‘எங்கள்’, ‘ஒரு’ எல்லாம் தனிச்சொற்கள். இருப்பது முந்தைய வரியின் வாலில், பொருளோ அடுத்த வரிக்கு. ‘இன்பத்’ என்பதன் கடைசி ஒற்றே ‘தேன்’ பக்கம் சாய்ந்து நிற்கிறதே! இது பாடுவதற்கான பாட்டு, வெண்பாவைப் போலத் தளை (சீருக்குச் சீர் உள்ள இணைப்பு) தேடி அலகிடச் (அசை பிரித்துப் பார்க்கச்) சொன்னால் பிள்ளைகள் திணறத்தான் செய்வார்கள்.

ஆறுகளைச் சொல்லும் கண்ணிக்கு வாருங்கள். பாலாறு, பொருனைநதி என்று வரி முடிகிற இடத்தில் இயைபை விட்டுவிடுகிறார். ஆனால் காவிரி–மேவிய எதுகையும், காவிரி–கண்டதோர், மேவிய–மேனி மோனையும் அசையவே இல்லை. நீங்கள் இயைபுக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் இந்தக் கண்ணிக்கு என்ன போடுவீர்கள்? அடுத்த தேர்வில் இதையே கேளுங்களேன், விடைக்குறிப்பில் இனமோனையையும் சேர்த்து.