எட்டாவது பீஸ்

கண்ணு கதிருக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. "டிகிரி முடிக்காதவன் கடைசி வரைக்கும் குவாலிட்டி இன்ஸ்பெக்டர்தான்மா" என்றாய். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் நீ காலேஜை விட்டுவிட்டு வேலைக்கென்று ஓசூருக்குப் பஸ் ஏறியது எனக்கு இன்னும் வலிக்கிறது சாமி. வெறும் ஆறுதல் உனக்கு உதவாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

திருப்பூரில் பத்தாவதோடு பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போனேன். அப்புறம் செக்கிங் டேபிள். ஒரு நாள் 3,000 டி-ஷர்ட், பேக்கிங்குக்கு முந்தின ஃபைனல் செக்கிங். ஏ.க்யூ.எல். என்பது ஒரு லாட்டில் எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்கிற அளவு; அதில் 2.5-க்கான அட்டவணைப்படி 125 பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும். மேஜர் டிஃபெக்ட், அதாவது பெரிய குறை, 7 வரை பாஸ். 8 வந்தால் மொத்த லாட்டும் ஃபெயில். எட்டாவது குறையாக வந்த பீஸில் கழுத்துத் தையல் விட்டிருந்தது. "அதைச் சின்னக் குறை என்று மைனரில் எழுதும்மா, நாளைக்கு ஷிப்மென்ட்" என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர். கை நடுங்கியது. மேஜர் என்றே எழுதினேன்.

அதோடு வீட்டுக்குப் போயிருந்தால் செக்கராகவே இருந்திருப்பேன். போக மனம் வரவில்லை. கழுத்து விட்ட பீஸ்களின் பண்டல் (துணிக் கட்டு) ஸ்டிக்கரைப் பார்த்து நம்பர்களை வரிசையாக எழுதினேன். எல்லாம் ஓரம் தைக்கும் ஒரே ஓவர்லாக் மிஷினில் ஓடியவை. மெக்கானிக் திறந்து பார்த்தால் ஊசி முனை மழுங்கி, தையல் தாவியிருக்கிறது. நம்பர் கையில் இருந்ததால் அந்தப் பண்டல்களை முதலில் பிரித்து ஆல்டர் பண்ணினோம். விடிய விடிய வேலை. திரும்ப ஃபைனல் வைத்து, மறுநாள் சாயங்காலம் லோடு ஏறியது. அதற்கப்புறம் எந்த லைனில் கம்ப்ளைன்ட் வந்தாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். குவாலிட்டி மேனேஜர் ஆக மேலும் பதினோரு வருஷம் பிடித்தது.

டிகிரி வேண்டியதே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு கம்பெனிகள் அதைக் கேட்டே என்னைத் திருப்பி அனுப்பின. ஆனால் அமெரிக்காவின் ஏ.எஸ்.க்யூ. என்கிற தரத் துறைச் சங்கம் நடத்தும் தரப் பொறியாளர் தேர்வைப் பார். டிகிரி இருந்தால் நாலு வருஷ அனுபவம் போதும். இல்லாவிட்டால் எட்டு வருஷம். எப்படியும் அதில் மூன்று வருஷம் முடிவெடுக்கும் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும். கதவு உனக்கும் திறந்துதான் இருக்கிறது, நாள் மட்டும் கூட ஆகும். அந்த எட்டு வருஷத்தில் என்ன செய்தாய் என்று காட்ட உன் கையில் எழுத்து இருக்க வேண்டும். நோட்டு ஒன்று வாங்கு.

நைட் ஷிஃப்டில் புஷ் என்கிற அந்தக் குழல் பாகத்தின் உள்விட்டம் பெரிதாக வந்தது, ரிஜெக்ட் போட்டேன் என்றாயே. அது எந்த மிஷின்? டூல் மாற்றி எத்தனை பீஸ் ஓடியபின் அளவு ஏற ஆரம்பித்தது? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது சொல்லு.

அம்மா