காக்கைக் கூடும் பூமியின் சுழற்சியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அம்பாசமுத்திரம் வட்டாரப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். வானியல் பாடத்தை நாம் நடத்தும் முறையில் ஒரு குறை உண்டு: முடிவைச் சொல்கிறோம், அதை மறுத்தவர்களின் காரணத்தைச் சொல்வதில்லை. அதில் எனக்கும் பங்குண்டு.

பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்று ஒருநாள் ஏழாம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது, கடைசி பெஞ்சு மாணவன் எழுந்து, "பூமி சுத்துதுன்னா, இரை தேடப் போன காக்கா அதே கூட்டுக்கு எப்படி சார் வரும்? அதுக்குள்ள மரம் எங்கயோ போயிருக்கும்லா?" என்றான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்து, அவனை உட்காரச் சொன்னேன். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பருந்தை வைத்து இதே கேள்வியைக் கேட்டு, பூமி சுழல்கிறது என்ற கருத்தை மறுத்திருக்கிறார் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகே படித்தேன். ஓடத்தில் முன்னே செல்பவனுக்கு, நிற்கும் பொருள்கள் பின்னே போவதுபோல் தோன்றுவதை உவமையாக்கி, விண்மீன்களின் ஓட்டமும் அத்தகைய தோற்றமே என்று ஆரியபட்டர் 499-இலேயே எழுதியிருந்தார். உவமை அழகானதுதான், ஆனால் பருந்துக்கு அதில் விடை இல்லை. ஓடும் கப்பலின் அறைக்குள் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகளைக் காட்டி அவ்விடையை விரிவாகச் சொன்னவர் கலிலியோ; ஆண்டு 1632. செங்கோட்டை பாசஞ்சர் கல்லிடைக்குறிச்சியைத் தாண்டிச் சீரான வேகத்தில் ஓடும்போது ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டிவிட்டால், ரயிலின் வேகம் அதற்கும் இருப்பதால் அது சுண்டிய கைக்கே திரும்புகிறது. அன்று அந்தப் பையனுக்கு இதைக் காட்டியிருக்கலாம்.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸின் கொள்கையைக் கலிலியோ தொலைநோக்கியால் நிரூபித்துவிட்டார் என்று ஒரே வரியில் முடிப்பதும் சரியன்று. 1610-இல் அவர் கண்ட வெள்ளியின் வடிவ மாற்றங்கள், எல்லாம் பூமியைச் சுற்றுகின்றன என்ற தாலமியின் அமைப்பைத்தான் வீழ்த்தின; மற்றக் கோள்கள் சூரியனைச் சுற்ற, சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்ற, டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகேயின் அமைப்பு அதனால் வீழவில்லை. பூமி நகர்ந்தால் ஆறு மாத இடைவெளியில் விண்மீன்களின் நிலை சற்று மாறித் தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்த டைக்கோ, எவ்வளவு கூர்ந்து அளந்தும் அது தென்படாததால் கோப்பர்நிக்கஸை ஏற்கவில்லை. அதைப் பிடிவாதம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பாகையில் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அந்த மாற்றத்தை ஜெர்மன் வானியலாளர் பெஸல் அளந்து வெளியிட்டது 1838-இல்தான். கோப்பர்நிக்கஸின் நூல் வெளிவந்ததோ 1543-இல்.

"டைக்கோ ஏன் மறுத்தார்? அவருடைய காரணம் அன்றைக்கு நியாயமானதா?" என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி வரட்டும். கேள்வித்தாளில் வராததை நாங்கள் நடத்தமாட்டோம் என்பது ஊரறிந்த செய்தி. கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்தில், வெள்ளி மாலையில் தெரியும் மாதங்களில், மாணவர்கள் சிறு தொலைநோக்கி வழியே அதன் வடிவத்தை வாரம் ஒருமுறை வரைந்துவர வாய்ப்பளித்தால், எந்த அமைப்பு எதை விளக்குகிறது என்று அவர்களே வாதிட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்,
அம்பாசமுத்திரம்.