பபூனை அவர் வாயால் பேச விடுங்கள்

மதுரைப் பக்கத்து ஊர்த் திருவிழா நாடகக் கமிட்டியாருக்கு,

பெரியவர்களுக்கும் இளவட்டங்களுக்கும் வணக்கம். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, சோழவந்தான் என்று உங்கள் மேடைகளில் ஆர்மோனியம் வாசித்துப் பிழைக்கிறவன் எழுதுகிறேன்.

வள்ளி திருமணம் நாடகம் பேசி அட்வான்ஸ் கொடுக்க வரும்போது, ராஜபார்ட், அதாவது கதாநாயகன், யாரென்று கேட்பதற்கு முன்னாலேயே ‘பபூன், டான்ஸ் யாருப்பா?’ என்றுதான் பலரும் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நாரதரும் வள்ளியும் தர்க்கத்துக்கு நிற்கும்போது மணி நள்ளிரவைத் தாண்டிவிடும்; அதுவரை கூட்டத்தைச் சிரிக்க வைத்துப் பாயில் உட்கார வைக்கிற வேலை பபூனுடையது. ஆனால் அடுத்து ஒன்று கேட்கிறீர்களே, ‘வடிவேலு மாதிரி பண்ணுவாரா?’ என்று, அதைத்தான் இந்த வருசத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன்.

வடிவேலு நம்ம மதுரைக்காரர். 1991 வாக்கில் சினிமாவில் தலையெடுத்தவர், நம்ம தெருப் பேச்சையும் நம்ம ஊர் அலட்டலையும் கொண்டுபோய் உலகத்தையே சிரிக்க வைத்தார். அவர் யார் மாதிரியும் பண்ணவில்லை. அதனால்தான் அவர் வடிவேலு.

அவருக்கு அரை நூற்றாண்டு முந்தி இருந்த நகைச்சுவை நடிகர் காளி என்.ரத்தினம். கோவலன் நாடகத்தில் காளி வேடம் போட்டு ஆடினார்; அந்த வேடமே பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்ற நாடகக் குழுவில் நடிகராகவும் பையன்களுக்கு வாத்தியாராகவும் இருந்தார். அங்கே அவரிடம் பாடம் கேட்ட பையன்களில் ஒருவர் எம்.ஜி.ஆர். நடிகர் பி.யு.சின்னப்பாவும் அதே கம்பெனி. பிறகு பேசும் படம் வந்து கம்பெனிகளெல்லாம் ஆட்டம் கண்டபோது ரத்தினமும் சினிமாவுக்குப் போனார். 1941இல் ஏ.வி.மெய்யப்பன் எடுத்த ‘சபாபதி’யில் எஜமானுக்கும் சபாபதி என்றே பெயர், வேலைக்காரனுக்கும் அதே பெயர். வேலைக்காரன் ரத்தினம். எஜமான் சொன்னதைச் சொன்ன எழுத்துக்குச் செய்து அவர் உயிரை வாங்குகிற வேடம். நடிகை சி.டி.ராஜகாந்தமும் அவரும் ஜோடி சேர்ந்தால் கதாநாயகனைக்கூட ஜனம் மறந்துவிடும். இதெல்லாம் ஸ்டுடியோவில் கற்றுக்கொண்டதா? மேடையில், எதிரே உட்கார்ந்திருப்பவன் எப்போது சிரிப்பான், எப்போது துண்டை உதறிக்கொண்டு எழுந்திருப்பான் என்று பார்த்துப் பார்த்துப் படிந்தது.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நாகர்கோவில்காரர் என்றாலும் அவர் வளர்ந்த கம்பெனியின் பெயரில் மதுரை உண்டு. டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் தொடங்கிய மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாதான் அது. சினிமாவுக்குப் போன பிறகு, தன் நகைச்சுவையைத் தானே எழுதி, நடிகை டி.ஏ.மதுரத்தோடு தனியாகப் படமாக்கிக் கொடுத்தார். அதுக்காகவே படம் ஓடியது உண்டு. அந்த மனுசரைக் கூப்பிட்டு ‘இன்னார் மாதிரி பண்ணு’ என்று யாராவது சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் மேடைக்கு வருகிறேன். ஸ்பெஷல் நாடகத்துக்கு, அதாவது ஒரு ராத்திரிக்கென்று நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி நடத்தும் நாடகத்துக்கு, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், கதாநாயகியான ஸ்திரீபார்ட் ஒரு ஊர், நான் ஒரு ஊர். மேடையில்தான் முகம் பார்ப்போம். வள்ளிக்கும் வேலனுக்குமாவது சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டும் வசனமும் எழுதி வைத்துவிட்டுப் போனார். பபூனுக்கு அப்படி எவரும் எழுதி வைக்கவில்லை. நல்ல பபூன் சாயங்காலமே வந்து டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார். கண்மாயில் தண்ணி இருக்கிறதா, இந்த வருசம் யார் வீட்டு மாடு பரிசு வாங்கியது, பஸ் ஏன் ஊருக்குள் வருவதில்லை, எல்லாம் காதில் வாங்கிக்கொள்வார். ராத்திரி பத்து மணிக்குத் திரைக்குள்ளிருந்தே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு வெளியே குதிப்பார். மிருதங்கக்காரரை வம்புக்கிழுப்பார், என்னையும் விடமாட்டார். ‘ஏன்யா ஆர்மோனியம், இந்த ஊரு பஸ்ஸைக் கண்ணால பாத்திருக்கியா?’ என்பார். நான் ‘இல்லைங்க’ என்பேன். ‘அவுகளும் பாக்கலையாம்!’ அவ்வளவுதான், பாட்டிமார் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு உங்கள் ஊருக்கு மட்டும் செய்தது. அடுத்த ஊரில் செல்லாது.

அந்த ஆளிடம் போய், டிவியில் ஆயிரம் தடவை பார்த்த காமெடியை மறுபடி கேட்கிறீர்கள். அவரும் பாவம், பிழைக்க வேண்டுமே, குரலை மாற்றிச் செய்கிறார். இளவட்டங்கள் அதிலும் திருப்திப்படாமல் ‘அதச் சொல்லு, இதச் சொல்லு’ என்று பச்சையாகக் கேட்கும். டான்ஸ் ஆட வந்த பெண் தலையைக் குனிந்துகொள்ளும். கமிட்டியார் அப்போது மேடைக்குப் பின்னால் யாருக்கு மாலை போடுவது என்ற பஞ்சாயத்தில் இருப்பார்கள். மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் கேள்வி வந்தால் பழி யார் மேல் விழுகிறது? பபூன் மேல். ஒரு ஊரில் அப்படி நடந்து, பேசிய சம்பளத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். கேட்டவர்கள் வீட்டில் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

ஆகவே கமிட்டியாரே, பேசும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: ‘அரை மணி நேரம் உங்க சொந்தச் சரக்கை விடுங்க, நாங்க இருக்கோம்.’ அந்த அரை மணி நேரமும் கமிட்டியில் இரண்டு பேர் முன்வரிசையில் உட்காருங்கள். வேறெதுவும் செய்ய வேண்டாம், உட்கார்ந்தாலே சத்தம் அடங்கும். அன்பளிப்பு நோட்டைக் குத்துகிறவர்கள் அவர் பேச்சுக்கு நடுவே மைக்கைப் பிடுங்க வேண்டாம். பெயரையெல்லாம் பாட்டு முடிந்ததும் அவரே வாசிப்பார், உங்களைவிட நன்றாகவே வாசிப்பார். நோட்டீஸில் அவர் படத்தை ராஜபார்ட் படத்தின் அளவுக்கே போடுங்கள். சம்பளத்தை மங்களம் பாடுவதற்கு முன்னால் கையில் கொடுத்துவிட்டால், விடியக்காலை முதல் பஸ்ஸுக்கு ஓட வேண்டிய எங்கள் எல்லோருக்குமே உதவி.

தை பிறந்ததும் மாசி, பங்குனித் தேதிகள் பேச மதுரைக்கு வருவீர்கள். அப்போது ‘யார் மாதிரி?’ என்று கேட்காமல், ‘நம்ம ஊருக்குச் சாயங்காலமே வந்துருவாரா?’ என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆர்மோனியக்காரன்