ஒரே குழியில் இரண்டு வடங்கள்: தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவிலுள்ள ஒரு சிறு பட்டணத்தில் நகலெடுக்கும் கடை வைத்திருக்கிறேன். சென்ற மாதம் சாலையோரக் கால்வாயைத் தூர்வாரிய மண்வாரி, ஊருக்கு இணையம் கொண்டுவரும் ஒளியிழை வடத்தை அறுத்துப்போட்டது. மதியத்துக்குள் தெரு முழுவதும் ‘ரொக்கம் மட்டும்’ என்ற அட்டை தொங்கியது. தலைமுடி அளவே உள்ள இழைகளை ஒவ்வொன்றாகத் தோலுரித்து, உருக்கி ஒட்டிக்கொண்டிருந்த இரு தொழில்நுட்பர்களுக்கு இரவு பத்து மணிவரை நான்தான் கைவிளக்குப் பிடித்தேன். பக்கத்துக் கடைக்காரர் முன்யோசனையாக இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு எடுத்திருந்தார். இரண்டு வடங்களும் ஒரே குழியில் கிடந்ததால் இரண்டும் அறுந்தன.

ஆண்டில் 99 விழுக்காட்டு நேரம் இயங்கும் பாதை ஏறத்தாழ 88 மணி நேரம் முடங்கும். அதே தரத்தில், ஒன்றின் பழுது மற்றதைத் தொடாத இரண்டு பாதைகள் இருந்தால், இரண்டும் சேர்ந்து முடங்குவது ஆண்டுக்கு 53 நிமிடம்தான். ஒரே குழியில் போட்டால், மண்வாரியைப் பொறுத்தவரை அது ஒரே பாதை. செலவில் பெரும்பங்கு குழி தோண்டுவதற்கே போகிறது, இழைக்கு அன்று. ஆகவே நிறுவனத்தின் கணக்கில் தவறில்லை, அந்தக் கணக்கை எங்கள் கண்ணில் காட்டாததுதான் தவறு.

2018-இல் அணுகல் விலையை, அதாவது ஒரு நிறுவனம் மற்றொன்றின் வலையமைப்பைப் பயன்படுத்தக் கொடுக்கும் விலையை, நீங்கள் முறைப்படுத்தியபின் இணையக் கட்டணம் இறங்கியதை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் எங்கள் கைக்கு வரும் விலைப்பட்டியலில் வேகம் இருக்கிறது, பாதை இல்லை. வேறு குழியில் போகும் தனிப்பாதைக்கு ஒரு விலையைத் தனி வரியாகக் காட்டச் செய்யுங்கள். அது முழு விலையாக இருக்கவும் வேண்டியதில்லை: பல ஊர்களின் வடங்கள் ஒரே நாளில் அறுவது அரிது என்பதால், மாற்றுப் பாதையின் ஒரே கொள்ளளவை அவை பகிர்ந்துகொள்ளலாம்.

எங்கள் ஊருக்குத் தார்ச்சாலை ஒன்றுதான். ஆனால் செம்பனைக்கு ஊடே, பழம் ஏற்றும் லாரிகள் போகும் மண்சாலை மறுபக்கம் நெடுஞ்சாலையைத் தொடுகிறது. தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு அங்கே கம்பம் நட்டு வடம் இழுத்தால், இரு பக்கமிருந்தும் ஊரை எட்டும் வளையமாகிவிடும். உரிமம் பெற்ற நிறுவனங்கள் நிறையிட்ட நிகர வருவாயில் 6 விழுக்காட்டைச் செலுத்தும் பொதுச்சேவை நிதியிலிருந்து (சேவை குறைந்த இடங்களுக்கான நிதி) அதற்கு ஒதுக்க இயலுமா என்று ஆராயுங்கள்.

அடுத்த முறை அணுகல் விலை குறித்துப் பொது விசாரணை நடத்தும்போது, எந்த ஊரின் வடம் எந்தக் குழியில் போகிறது என்ற வரைபடத்தோடு நிறுவனங்களை வரச்சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தோட்டப் பட்டணத்துக் கடைக்காரர் ஒருவர்