பரண் மேல் கை வைக்காதே

அல்சூர், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள மங்கை,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. பரணில் இருக்கும் உங்க அப்பாவோட, அதாவது நம்ம சாரோட, பாட்டு எழுதின நோட்டுகளை எடைக்குப் போடாதே. ஒன்றைக்கூடப் போடாதே.

போன வியாழக்கிழமை போனில், பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிக்கப் போகிறோம், பரணை ஒழித்துப் பழைய பேப்பர்காரரிடம் தள்ளிவிடுகிறேன் என்று போகிறபோக்கில் சொன்னாய். அடுப்பில் பால் பொங்குகிற அவசரத்தில் நானும் "சரி சரி" என்று வைத்துவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் நீ சொன்னது என்ன என்று உறைத்தது. வாட்ஸ்ஆப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா? அதனால்தான் கடிதம். ஏழெட்டு மாதமாக ஒரு வரி எழுதாதது தப்புதான், நேரில் வரும்போது திட்டிக்கொள்.

இங்கே எல்லோரும் சுகம். இவருக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ராஜாத்தி பேத்தி பிறந்ததும் போட்டோ அனுப்பினாள், உனக்கும் வந்திருக்கும், மூக்கு அப்படியே அவள் மாமியார்! உங்க அம்மாவுக்குக் காதில் மெஷின் வைத்துவிட்டீர்களா, இல்லையா?

வீட்டில் இப்போது ஆளுக்கு ஒரு புத்தகம். இவர் அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை இரண்டாம் முறை படிக்கிறார். 2024 கோடையில் எங்கள் போர்வெல் வறண்டு, டேங்கர் லாரிக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோமே, அப்போது வாங்கியது. ஜமுனாவும் சாயாவும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதைப் படித்துவிட்டு ஒரு வாரம் குழாயைத் திறக்கவே யோசித்தார். கீழ் வீட்டு சாவித்ரம்மா கன்னட எழுத்தாளர் குவெம்புவின் பெரிய நாவலை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார், 'மலெகளல்லி மதுமகளு'. அதில் யாரும் முக்கியமில்லை, யாரும் முக்கியமில்லாதவரும் இல்லை, எதுவும் அற்பமில்லை என்பார். தினமும் மாடியில் துணி காயப்போடும்போது அவர் எனக்குக் கன்னடத்தில் அந்தக் கதை சொல்வதும், எனக்குத் தெரிந்த கன்னடத்தில் நான் என் கதை சொல்வதும் நடக்கிறது.

என் கதை என்றால், பழைய ஏடுகளைத் தேடித் தேடி அச்சிட்ட உ.வே.சா. தன் வாழ்க்கையை எழுதிய 'என் சரித்திரம்'. என் கல்யாணத்துக்கு உங்க அப்பா கொடுத்தாரே, அதேதான். எல்லோரும் எவர்சில்வர் குடமும் சுவர்க்கடிகாரமும் கொடுத்த இடத்தில் சார் மட்டும் இந்தத் தடிப் புத்தகத்தைப் பழுப்புத்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். முப்பது வருஷம் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்தது. தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போனவள் அதைப் பிரித்தேன். முதல் பக்கத்தில் அவர் கையெழுத்து. அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், இப்போது மெட்ரோவில் போகும்போதும் அதுதான், சாதம் வடிக்கும்போதும் அதுதான்.

மங்கை, கதையில் ஒரு பகுதி உங்கள் மாயவரத்தில்தான் நடக்கிறது, தெரியுமா உனக்கு? பதினாறு பதினேழு வயசுப் பையன் உ.வே.சா., மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்ற பெரும் புலவரிடம் தமிழ் படிக்க வருகிறான். அவருக்குச் செடிகொடி என்றால் உயிர். வீட்டுக்குப் பின்னால் மரங்களைக் கொண்டுவந்து வைத்து, துளிர் விட்டிருக்கிறதா என்று காலையில் எழுந்ததும் போய்ப் பார்ப்பார். பையன் அதைக் கவனித்துவிடுகிறான். அவருக்கு முன்னாலேயே இருட்டோடு எழுந்து, எங்கே புதுத் தளிர் வந்திருக்கிறது என்று தேடி வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் காட்டுகிறான். அவர் மனசு குளிர்கிற அந்த நேரத்தில் பாடத்தைத் தொடங்கிவிடலாமே! 'தளிர் ஆராய்ச்சி' என்றே அந்த அத்தியாயத்துக்குப் பெயர். வகுப்பில் சாரிடம் உங்கள் வீட்டுச் செம்பருத்தியைப் பற்றிக் கேட்டுவிட்டு நாம் இலக்கணத்திலிருந்து தப்பித்தது ஞாபகம் வந்தது. நாம் பாடத்திலிருந்து ஓடுவதற்குச் செய்ததை அந்தப் பையன் பாடம் கேட்பதற்குச் செய்திருக்கிறான்.

அப்புறம் கும்பகோணம். 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. தேதியோடு எழுதி வைத்திருக்கிறார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயசு, கல்லூரியில் தமிழ் வாத்தியார் வேலை. ஊருக்கு முன்சீப் நீதிபதியாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ், உலா என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசையவில்லை. இதனால் எல்லாம் என்ன பிரயோசனம், இதற்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்கிறார். சீவக சிந்தாமணி, மணிமேகலை. இவர் பார்த்ததுகூட இல்லை. அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப நாலு தடவை படித்தேன். இவ்வளவு படித்த ஒருவர், தனக்குத் தெரியாது என்று அந்த இடத்தில் ஒப்புக்கொண்டாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. வீறாப்பாக எழுந்து வந்திருந்தால் சிந்தாமணி 1887இல் அச்சாகியிருக்காது. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு என்று அடுத்தடுத்து வந்திருக்காது.

அதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. சிந்தாமணி ஜைனக் காப்பியம், அதில் விளங்காத இடங்களைக் கேட்பதற்காகக் கும்பகோணத்திலேயே ஒரு ஜைனர் வீட்டுக்குப் போகிறார். வாசலில் கோலமும் தோரணமுமாக இருக்கிறது. என்ன விசேஷம் என்றால், அவர்கள் மாதக்கணக்காகச் சிந்தாமணியைப் படித்து வந்து அன்றைக்குத்தான் முடித்திருக்கிறார்கள்! தமிழ் படித்தவர்கள் கண்ணில் படாத நூல், அதே ஊரில் ஒரு வீட்டில் பண்டிகையாக நடந்துகொண்டிருந்திருக்கிறது.

இதைப் படித்ததும் எனக்கு அஞ்சலை ஆயா ஞாபகம் வந்துவிட்டாள். ஒன்பதாம் வகுப்பு லீவில் சார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் நடவுப்பாட்டும் ஒப்பாரியும் எழுதி வருவார். உன்னையும் என்னையும் திண்ணையில் உட்காரவைத்து நகல் எடுக்கச் சொல்வார். நீ எழுத்தைக் கோழிக் கிறுக்கலாக எழுதி வாங்கிக் கட்டிக்கொள்வாய். எத்தனை நோட்டு? எண்பது பக்க நோட்டில் ஏழோ எட்டோ இருக்கும். பாடினது யார், எந்தத் தெரு, எந்த வயலில் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே எழுதியிருப்பார். "ஆத்தோரம் நாத்து விட்டு அறுப்புக்கு நான் காத்திருக்க" என்று ஆயா பாடினது என் காதில் அப்படியே இருக்கிறது. அடுத்த வரி வரவில்லை. நாலு நாளாக நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், வரவில்லை. ஆயாவும் இல்லை, சாரும் இல்லை. அந்த வரி இப்போது உன் வீட்டுப் பரணில் மட்டும்தான் இருக்கிறது.

கரிவலம்வந்தநல்லூர் பகுதியை மட்டும் ராத்திரியில் படிக்காதே. அங்கே கோயிலில் பாண்டிய ராஜா காலத்து ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே.சா. போகிறார். குப்பையாகக் கிடந்தவற்றை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டாயிற்று என்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, சாஸ்திரம் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். அங்கே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழுதேன். காரணம் உனக்கு மட்டும் சொல்கிறேன். விஜயநகரிலிருந்து அல்சூருக்கு வீடு மாற்றியபோது, எங்கள் அம்மா எழுதிய கடிதங்களையெல்லாம் பழைய பேப்பரோடு சேர்த்து நானே என் கையால் தராசில் வைத்தேன். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அம்மா போன பிறகு ஒரு வரி தேடினேன், ஒரு வரியும் இல்லை. இதை இவரிடம்கூடச் சொன்னதில்லை.

அதனால் சொல்வதைக் கேள். பெயின்டர் வருவதற்கு முன்னால் நீயே ஏறி, நோட்டுகளை மட்டும் இறக்கிவிடு. வெயிலில் காயப்போடாதே, தாள் மொடமொடத்துவிடும். நிழலில் வைத்துத் தூசி தட்டு. ஒட்டிக்கொண்ட பக்கத்தை இழுத்துப் பிரிக்காதே, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். கரையான் இருந்தால் அந்த நோட்டைத் தனியாக வை. பழைய வேட்டியில் சுற்றி இரும்புப் பீரோவில் போட்டுவிடு. பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துவிடலாம். பிறகு மூலத்தை எங்கே கொடுப்பது என்று யோசிப்போம். சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த புத்தகங்களிலிருந்து உண்டான இடம் அது. உ.வே.சா. பெயரிலேயே பெசன்ட் நகரில் ஒரு நூல்நிலையமும் இருக்கிறது. நோட்டுகளின் அருமை தெரிந்த இடமாகப் பார்த்துக் கேட்போம்.

உன் தம்பி "இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள்" என்பான். சொல்லட்டும். நான் படிக்கப் போகிறேன் என்று சொல்.

இன்னும் கொஞ்சம்தான் பாக்கி எனக்கு. விகடனில் 1940லிருந்து வாராவாரம் எழுதி வந்தவர் 1942 ஏப்ரலில் போய்விட்டார். கதை மணிமேகலை அச்சான காலத்தோடு நின்றுவிடுகிறது, அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் அவர் வாழ்ந்தது அந்தப் புத்தகத்தில் இல்லை. அதனால் கடைசி அத்தியாயங்களை ஒரு நாளைக்கு ஒன்று என்று தள்ளித் தள்ளிப் படிக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மயிலாடுதுறை ரயிலில் ஏறுகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. காலையில் உன் வீட்டில் காபி. அதுவரை பரண் பக்கம் வேறு யாரையும் விடாதே.

உன்
சுகந்தி

பி.கு.: உங்க அம்மாவுக்கு ஆயாவின் அந்தப் பாட்டு தெரிந்திருக்குமோ? நடவுக்கு அவரும் போய்ப் பார்த்துக்கொண்டு நிற்பாரே. காதருகே உட்கார்ந்து முதல் வரியைச் சத்தமாகச் சொல்லிப் பார். எதைச் சொன்னாலும் உடனே எழுதி வை, உன் கோழிக் கிறுக்கலானாலும் பரவாயில்லை.