கல்யாண வீடியோ எடுக்கிறவங்களுக்கு: பெரியப்பா அன்னிக்கு என்னதான் சொன்னார்?

அன்பான வீடியோகிராஃபர் அண்ணன்களே, தம்பிகளே, தங்கச்சிகளே,

திட்டுறதுக்கு எழுதல, அதை முதல்லயே சொல்லிடுறேன். வீட்டுல தங்கச்சிக்கு கல்யாணம், வீடியோவுக்கு ஆள் பிடிக்கிற வேலை என் தலையில விழுந்திருக்கு, ஒரு வாரமா உங்க டீசரா பார்த்து பார்த்து எது யாரு எடுத்ததுன்னே குழம்பிப்போய் உக்காந்திருக்கேன். எல்லாத்துலயும் ட்ரோன் மேல இருந்து இறங்குது, பொண்ணு மெதுவா திரும்புது, மாப்பிள்ளை சட்டைக் கை பட்டனை போடுறார் (ஏன் எல்லா மாப்பிள்ளையும் அந்த பட்டனை கடைசி நிமிஷத்துலதான் போடுறாங்க?). அழகா இருக்கு, இல்லேங்கல. ஆனா மூணு நிமிஷ டீசரை வச்சு உங்களை எப்படிங்க எடை போடுறது, பத்து மணி நேரம் எடுத்ததுல நல்ல மூணு நிமிஷம் யாருக்குத்தான் தேறாது.

என் கல்யாணத்துக்கும் நாங்க இப்படித்தான் ஒரு டீசர்ல மயங்கி ஒரு டீமை புக் பண்ணோம். பேர் வேணாம், பசங்க நல்ல பசங்கதான். வந்த படத்துல ஒரு ஷாட் இருக்கு: பெரியப்பா ஏதோ சொல்றார், சுத்தி நிக்கிற எட்டு பேரும் வெடிச்சு சிரிக்கிறோம், மாமியார் கர்ச்சீஃப்பை எடுத்து கண்ணைத் தொடைக்கிறாங்க, எங்க அப்பா பக்கத்துல நின்னவர் தோளைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சே போயிட்டார். எங்க அப்பா அப்படி சிரிச்சு நான் அதுக்கு முன்னாடி பார்த்ததில்ல, பின்னாடியும் பார்க்கல. மொத்தமும் ஸ்லோ மோ, மேல பியானோ. பெரியப்பா அப்படி என்ன சொன்னார்னு எட்டு பேர்ல ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. அவர்கிட்டயே கேட்டேன், "நான் என்னடா சொன்னேன்?"னு என்னையே திருப்பிக் கேக்குறார். சரி, ஒரிஜினல் கிளிப்பாவது இருக்குமான்னு எடிட்டருக்கு போன் போட்டா "அது ஸ்லோ மோவுக்காக 120 எஃப்பிஎஸ்ல, அதாவது நொடிக்கு 120 ஃப்ரேம்ல எடுத்ததுங்க, அந்த மோடுல சவுண்டே பதிவாகாது"ங்கிறார்.

அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சது, நிறைய கேமராவுல ஸ்லோ மோ மோடுக்கு மாத்தினா ஆடியோ கட் ஆயிடும்னு. நொடிக்கு 120 ஃப்ரேம் எடுத்து 24ல ஓட்டினா ஒரு நொடி சிரிப்பு அஞ்சு நொடி ஆகும், ஆனா எதுக்கு சிரிச்சோம்ங்கிறது மட்டும் போயிடும்.

இதை விட பழைய கதை ஒண்ணு. எங்க அத்தை கல்யாணத்துக்கு எடுத்த விஎச்எஸ் கேசட் வீட்டுல இருக்கு. படமா பார்த்தா கண்றாவி, தோள்ல கேமரா, பக்கத்துல ஒரு ஆள் பெரிய லைட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார், அந்த வெளிச்சத்துல எல்லாரும் திருட்டுல மாட்டின மாதிரி முழிக்கிறாங்க. ஆனா சவுண்டு இருக்கு. யாரோ ஒரு சித்தப்பா நாற்காலி கேட்டு கத்துறார், ஒரு குழந்தை விடாம அழுவுது, பாட்டி அதை அதட்டுறாங்க. வருஷத்துக்கு ஒரு தடவையாவது போட்டுப் பார்க்கிறோம். என் சினிமாட்டிக் படத்தை கடைசியா எப்போ பார்த்தேன்னு யோசிச்சா ஞாபகம் வரல.

தப்பு உங்க மேல மட்டும்னு சொல்லமாட்டேன். 2008ல கேனான் ஃபைவ் டி மார்க் டூ வந்து, ஃபுல் ஃப்ரேம்னு சொல்ற பெரிய சென்சார் இருக்கிற போட்டோ கேமராவிலேயே ஃபுல் எச்டி வீடியோ எடுக்கலாம்னு ஆனப்புறம் பின்னாடி எல்லாம் மங்கலா முகம் மட்டும் பளிச்சுன்னு வர்ற அந்த சினிமா லுக் சின்ன பட்ஜெட்காரங்க கைக்கும் வந்துச்சு, அதைப் பார்த்து நாங்களும் ஒரு ரீலை அனுப்பி "இதே மாதிரி வேணும்"னு நிக்கிறோம், நீங்களும் சரின்னு எடுக்கிறீங்க. சடங்கை முழுசா, சவுண்டோட, வெட்டாம வேணுமான்னு நாங்களும் கேக்கல நீங்களும் கேக்கல. ஹைலைட்ஸ் வேற, டாக்குமெண்டரி மாதிரி நடந்ததை நடந்தபடி கோக்கிற படம் வேற, முழு நிகழ்ச்சியோட பதிவு வேற, மூணுக்கும் எடுக்கிற விதமே வேறன்னு முதல் சந்திப்புலயே நீங்க சொல்லணும். ஏன்னா நாங்க முதல் தடவை கல்யாணம் பண்றோம், உங்களுக்கு இது எத்தனையாவதோ.

அதனால நான் உங்ககிட்ட வரும்போது டீசரை காட்டாதீங்க. ஒரு குடும்பத்துக்கு நீங்க கொடுத்து முடிச்ச முழுப் படம் ஒண்ணு காட்டுங்க, அவங்க சம்மதிச்சதா பார்த்து, அதுவும் மத்தியானம் வெளியில எடுத்தது வேணாம், ராத்திரி மட்டமான ட்யூப்லைட் ஹால்ல எடுத்தது. உங்க கைத்திறமை அங்கதான் தெரியும். பேசுறவங்களுக்கு காலர் மைக் குத்துவீங்களா, ஹால் மைக் சவுண்டெல்லாம் போய் சேர்ற மிக்ஸர்ல இருந்து தனியா லைன் எடுப்பீங்களா, இல்ல கேமரா மேல இருக்கிற மைக்கை நம்பி கடைசி வரிசையில நிப்பீங்களா? சடங்கு நடக்கும்போது ஒரு கேமராவாவது நிறுத்தாம ஓடுமா? பழைய கேமரா சிலதுல 29 நிமிஷம் 59 செகண்டுல தானா நின்னுடும், அரை மணிக்கு மேல எடுத்தா வீடியோ கேமரான்னு ஐரோப்பாவுல கூடுதல் சுங்க வரி போட்டாங்கன்னு கம்பெனிங்க வச்ச வரம்பு அது. எங்கயோ இருந்த வரிக்கு எங்க வீட்டு சடங்கு பாதியில கட் ஆக வேணாம்.

அப்புறம் அந்த டீசரை எடுத்த ஆள்தான் அன்னிக்கு வருவாரா இல்ல வேற யாரையாவது அனுப்புவீங்களா, அதையும் பேப்பர்ல எழுதிக் கொடுத்துடுங்க. எத்தனை மாசத்துல தருவீங்க, எத்தனை தடவை திருத்தம் கேக்கலாம், இதெல்லாம் கூட.

ரா ஃபுட்டேஜ், அதாவது எடிட் பண்ணாத மொத்த வீடியோவையும் கேக்குற விஷயம் கொஞ்சம் சங்கடமானதுன்னு தெரியும். நொடிக்கு 100 மெகாபிட் கணக்குல 4கே எடுத்தா மணிக்கு 45 ஜிபி, மூணு கேமரா எட்டு மணி நேரம் ஓடினா ஒரு டிபி தாண்டிடுது, அதை எத்தனை வருஷம்தான் வச்சிருப்பீங்க. வச்சிருக்க சொல்லல. அழிக்கப்போற தேதியை முன்னாடியே சொல்லுங்க, ஹார்ட் டிஸ்க் நாங்க வாங்கித் தர்றோம். அப்புறமா கலர் சேர்க்கிறதுக்காக லாக்னு (log) ஒரு மோடுல எடுத்தது சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், பார்த்துட்டு உங்க பேரைக் கெடுப்பாங்கன்னு பயப்படுறீங்க, நியாயம்தான், எழுதி வாங்கிக்கோங்க, யாருக்கும் காட்டமாட்டோம். எங்களுக்கு வேண்டியது கலர் இல்லீங்க.

பாட்டைப் பத்தி ஒரே வரி: சினிமா பாட்டை அப்படியே போட்டுக் கொடுத்தா யூடியூப்ல ஏத்துறப்ப மியூட் ஆனாலும் ஆகும், பிளாக் ஆனாலும் ஆகும், லைசென்ஸ் இருக்கிற மியூசிக்கா பார்த்து போடுங்க. இல்லேன்னா போடாமலே விடுங்க, ஹால் இரைச்சலே போதும்.

இந்த ஞாயித்துக்கிழமை உங்கள்ல மூணு பேரை பார்க்க வர்றேன். பெரியப்பாவும் கூட வர்றேன்னு சொல்லியிருக்கார். லேப்டாப்புல அந்த முழுப் படத்தை மட்டும் எடுத்து வைங்க, ஹெட்செட் நான் கொண்டு வர்றேன்.

இப்படிக்கு,
தங்கச்சி கல்யாணத்துக்கு வீடியோ ஆள் தேடுற ஒரு அண்ணன்