திகதியைக் கணினியே எழுதட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரச பதிவுகளெல்லாம் கணினிக்குப் போகப்போகின்றன என்று பேச்சாக இருக்கிறது, நல்லது. ஆனால் பல பேர் கை வைக்கும் ஒரு பதிவேட்டில் எது எப்போது மாறியது என்பதை யார் குறிப்பது? அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

நான் வலையமைப்பு வேலை செய்பவன். எந்த ஐபி முகவரி, அதாவது இணையத்தில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண், யாரிடம் இருக்கிறது என்பதைக் காட்டும் பொதுத் தரவுத்தளங்களை அடிக்கடி பார்ப்பேன். இவற்றை நடத்தும் அமைப்புகள், நம் பிராந்தியத்துக்கு அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கும் ஏப்னிக், ஐரோப்பாவுக்கு ரைப். ரைப் தரவுத்தளத்தில் முன்பு ‘சேஞ்ச்ட்’ (மாற்றப்பட்டது) என்று ஒரு வரி இருந்தது, திருத்துகிறவரே தன் மின்னஞ்சலையும் திகதியையும் அதில் எழுத வேண்டும். நடந்தது என்ன? உள்ளே விவரம் மாறியிருக்கும், திகதி மட்டும் பழையதாகவே கிடக்கும், போதாததற்கு அந்த மின்னஞ்சல்கள் ஊருக்கே தெரியும். கடைசியில் அந்த வரியையே எடுத்துவிட்டு, உருவான நேரத்தையும் கடைசியாக மாறிய நேரத்தையும் கணினியே பதியும்படி செய்தார்கள். ஏப்னிக் பதிவுகளிலும் இன்று ‘லாஸ்ட் மொடிஃபைட்’ (கடைசியாக மாறியது) வரி இருக்கிறது, யாரும் அதைக் கையால் மாற்ற முடியாது.

சரி, நேரம் மட்டும் போதுமா என்றால் போதாது. ஒரு எழுத்தைத் திருத்தினாலும் நேரம் புதிதாகிவிடும், பக்கத்திலிருக்கும் தொலைபேசி எண் என்றோ செத்துப்போனதாக இருக்கலாம். அதனால்தான் அங்கே முந்தைய பதிப்புகளையும் எடுத்துப் பார்க்க வழி வைத்திருக்கிறார்கள், ஒரு பதிவு மாறியவுடன் உரியவருக்கு மின்னஞ்சல் போகும்படியும் அமைக்கலாம், யாராவது திருத்த முயன்று அனுமதி கிடைக்காமல் போனாலும் தகவல் வரும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தக் கடைசி ஏற்பாடுதான்.

நம் தோட்டத்துச் சனங்களின் நிலைமையை இதோடு வைத்துப் பாருங்கள். பிறப்பத்தாட்சியில் இராமசாமி, அடையாள அட்டையில் ராமசாமி, இந்த ஒரு எழுத்துக்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு நுவரெலியாவுக்கும் அட்டனுக்கும் பஸ் ஏறுகிறார்கள். எழுத்து எப்போது, எந்த அலுவலகத்தில் மாறியது என்று கேட்டால் காட்ட ஒன்றுமில்லை, நிரூபிக்கும் பாரம் முழுக்க அந்த மனிதர் தலையில்தான் விழுகிறது.

புதிய பதிவேடுகளை அமைப்பவர்கள் திகதியையும் திருத்திய அலுவலரின் கணக்கையும் கணினியே பதியும்படி செய்யட்டும், பழைய பதிப்பை அழிக்காமல் வைக்கட்டும், அப்புறம் மாற்றம் நடந்த அன்றே உரியவரின் கைபேசிக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி போகட்டும்.

இப்படிக்கு,
வலையமைப்புத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர்,
அட்டன்.